மல்லாந்து கிடந்தவனுக்கு நான் போட்ட மார்க்

அன்புத் தம்பி ரேமண்டுக்கு,

ஈரியிலிருந்து உன் அண்ணன் நார்பர்ட் எழுதிக்கொண்டது. இங்கே ஏரி உறைந்துவிட்டது, நாங்கள் இன்னும் உறையவில்லை. நீயும் லவெர்னும் அரிசோனா வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் வலது தோள் கட்டுப் போட்டிருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்.

நாங்கள் சந்தா கட்டிப் பார்க்கிற அந்தக் கேபிள் சேனலில் இருபது வருடமாகச் சனிக்கிழமை சாயங்காலம் குத்துச்சண்டை வந்தது உனக்குத் தெரியும். போன வருடம் அதில் ஒரு மணி நேரத்தை வெட்டி, கம்பிக்கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டு, குத்தலாம், உதைக்கலாம், தரையில் போட்டுப் புரட்டலாம், கழுத்தை நெரிக்கலாம் என்கிற புதுச் சண்டையைப் போட்டார்கள். கோடையில் அது இரண்டு மணி நேரமாயிற்று, பனி விழுவதற்குள் குத்துச்சண்டையே காணாமல் போயிற்று. முடிவெட்டும் கடையில் அதே பேச்சு, பூசை முடிந்து வெளியே வந்தால் பாதிரியாரும் அதே பேச்சு. நான் சேனலுக்கு நாலு கடிதம் எழுதினேன். தங்கள் ஆதரவுக்கு நன்றி என்று நாலுக்கும் ஒரே பதில். உன் அண்ணி ஜெரால்டின் முதலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே பார்த்தாள், ஒரு மாதத்தில் பின்னுவதை விட்டுவிட்டாள். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட நர்ஸாக இருந்தவள் அல்லவா, எந்த மூட்டு எந்தப் பக்கம் மடங்காது என்று அவளுக்கு அத்துப்படி.

இந்த நிலையில் அந்தச் சண்டையே எங்கள் ஊருக்கு வந்தது, சேனலில் நேரடி ஒளிபரப்போடு. மார்க் போட நடுவர்கள் போதவில்லை என்று மாநில விளையாட்டு ஆணையம் என்னைக் கூப்பிட்டது. இருபத்தாறு வருடம் குத்துச்சண்டைக்கு மார்க் போட்டவன், எனக்குத் தெரியாததா என்று ஒப்புக்கொண்டேன். இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். அதில் பாதி தூங்கிவிட்டேன். கடைசிச் சண்டை டேரில் கோச்சாவுக்கும் டோலிடோக்காரன் ஒருவனுக்கும். டேரில் நம்ம ஊர்ப் பையன்தான், கூரை வேலை செய்கிறவன், வயது முப்பத்து நாலு. ஜெயித்தால் லாஸ் வேகஸில் அதே சேனலில் அடுத்த சண்டை என்று சொல்லியிருந்தார்கள். கடைசிச் சுற்றில் அவன் மல்லாந்து கிடந்தான், டோலிடோக்காரன் மேலே உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தான். மேலே இருப்பவன்தானே ஜெயிக்கிறவன்? நான் அவனுக்கு மார்க் போட்டேன். மற்ற இரண்டு நடுவர்களும் ஆளுக்கொரு பக்கம். என் சீட்டுதான் முடிவு. டேரில் சொந்த ஊரிலேயே தோற்றான். நாலாயிரம் பேர் என்னைப் பார்த்து ஊளையிட்டார்கள். அதில் ஒரு குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

இரண்டு நாள் ஜெரால்டின் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பி குடித்து முடித்ததும் ஹாலில் போர்வையை விரித்து மல்லாந்து படுத்தாள். "உன் நியாயத்தப் பேசினது போதும். வா, மேல உக்காந்து என்னைக் குத்துற மாதிரி பண்ணு" என்றாள். அறுபத்தாறு வயதுக்காரி, மெதுவாகவே கையை ஓங்கினேன். என்ன செய்தாள் என்று இன்றுவரை புரியவில்லை. என் கை அவள் இரண்டு முழங்காலுக்கு நடுவில் இருந்தது, என் முகம் கம்பளத்தில் இருந்தது.

"இப்ப யாரு ஜெயிக்கிறா, நார்பர்ட்?"

நான் கையை உருவப் பார்த்தேன்.

"தோத்தேன்னு தரையத் தட்டு, விடறேன். தட்டலன்னா தோள் கழண்டுடும். டேரில் அந்தச் சுத்துல மூணு தடவை இதத்தான் புடிச்சான்."

கொஞ்சம் தாமதமாகத் தட்டினேன். கட்டுப் போட்டது அதனால்தான்.

மறுநாள் டேரிலைத் தேடிப் போனேன். ஒரு வீட்டுக் கூரை மேல் இருந்தான். கீழே நின்றுகொண்டு, நான் மார்க் போட்டது தப்பு என்று சொன்னேன். அவன் ஏணியில் இறங்கி வந்து என் தோளைத் தொட்டுப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டான். சொன்னேன்.

"புடி சுத்தமா விழுந்திருக்கு சார். அன்னைக்கி எனக்கு வேர்வையில வழுக்கிடுச்சு" என்றான். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இதுவரைக்கும் எந்த நடுவரும் வந்து தப்புன்னு சொன்னதில்ல. சொன்னதுக்கு சந்தோஷம். ஆனா அத வெச்சு எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அதனால் ராஜினாமா எழுதி ஆணையத்துக்கு அனுப்பிவிட்டேன். கேபிள்காரனிடம் அந்தச் சேனலை வெட்டச் சொல்லிவிட்டேன். இனி இந்த வீட்டில் கூண்டுப் பேச்சே கிடையாது. குளிர் போகும்வரை உங்களோடு டூசானில் வந்து தங்கலாம் என்று நினைக்கிறேன். ஜெரால்டினிடம் நீ சொன்னால் கேட்பாள். லவெர்னுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். கடவுள் உங்கள் மூட்டுகளைக் காப்பாராக.

உன் அண்ணன்,
நார்பர்ட்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் தபால் வந்தது. ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்களாம். என் இடத்துக்கு, நடுவர் தேர்வு எழுதிய பதினொரு பேரில் முதலாவதாக வந்தவரை நியமித்திருக்கிறார்கள். அது உன் அண்ணி. தேவாலயத்தில் கேக் விற்பனை என்று சொல்லிவிட்டுப் போன அன்று எழுதியிருக்கிறாள். நாங்கள் டூசானுக்கு வரவில்லை. சேனலை வெட்ட வேண்டாம் என்று கேபிள்காரனிடம் சொல்லிவிட்டேன். நீயும் உடனே அதை வாங்கு. மார்ச் பத்தாம் தேதி அவள் நடுவராக உட்காரும் முதல் சண்டையைப் பார்த்துவிட்டு, அவள் போடுகிற மார்க் சரிதானா என்று எனக்கு ஒரு வரி எழுது. அவளிடமே கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.