காளான் கறியும் மூச்சு விடுகிற சுவரும்

பிள்ளைகளே, உங்கள் அப்பா கோயில் அன்னதானத்தில் சனத்துக்குப் போதைக் காளான் பரிமாறப் பார்த்தவர் என்று வெள்ளவத்தையில் யாராவது சொன்னால், முழுதாக நம்பாதீர்கள். பாதியை நம்பலாம்.

அப்போது நீங்கள் இருவரும் சப்பாத்து லேஸ் கட்டக்கூட என்னிடம் காலை நீட்டுகிற வயது. கனடாவில் சித்தப்பா மனச்சோர்வில் விழுந்து, வேலைக்கும் போகாமல், போனில் "ம்" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். (கொட்டாஞ்சேனை வீட்டில் என்னோடு ஒரே பாயில் படுத்து, கதைத்துக் கதைத்தே என்னைத் தூங்கவிடாத ஆள்.) ஒருநாள் அவராகவே எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணா, டொக்டர் தந்த மருந்துக் குளிசை ஒண்டும் சரிவரேல்லை. இங்க ஒரு ஆஸ்பத்திரியில காளான்ல இருக்கிற சைலோசைபின் எண்ட மருந்தைக் குடுத்து ஆராய்ச்சி செய்யினம். நீங்க ஓம் எண்டால் போறன்."

நான் ஓ.எல். வரை படித்து, மின்விசிறி திருத்துகிறவன். ஆனாலும் தம்பி என்னிடம் அல்லவா கேட்டார்? போனில் தேடித் தேடி வாசித்தேன். (விளங்கியது கால்வாசி.) பிறகு, பார்மசி வைத்திருந்த கூட்டாளிக்குக் குரலைப் பதிந்து அனுப்பினேன்.

"மச்சான், இந்தக் காளானை எடுத்தால் சுவர் மூச்சு விடுற மாதிரித் தெரியுமாம். கொஞ்ச நேரம் ஒரு நாள் மாதிரி இழுக்குமாம். சிலர் பயந்து அழுவினமாம், சிலருக்கு மனம் லேசாகுமாம். ஆக்களுக்கு இதைக் குடுக்கிறது சரியோ?"

அது கூட்டாளிக்குப் போகவில்லை. அன்னதானக் குழுவின் வட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. அதற்குச் சற்று முன்தான் அதே இடத்தில், மறுநாள் கறிக்கு நான் வாங்கிய காளான் கூடைகளின் படத்தைப் போட்டிருந்தேன்.

ஒன்றும் அறியாமல், மறுநாள் கறி வாளியோடு பந்தியில் இறங்கினேன். நான் போகப் போக, இலைகளின் மேல் கைகள் குடைபோல விரிந்தன.

"எனக்கு வேண்டாம் தம்பி," என்றார் ஓய்வுபெற்ற தபாலதிபர். "பிரஷர் இருக்கு. வீட்டுச் சுவர் சும்மா நிண்டால் போதும்."

பக்கத்தில் இருந்த, கம்பஸில் படிக்கிற பெடியன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணை, எனக்கு ரெண்டு கரண்டி போடுங்கோ."

அவன் தன் போனில் என் குரலைப் போட்டுக் காட்டி விசயம் விளங்கியபோது என் காதுகள் கறியைவிடச் சூடாக இருந்தன. என்னைக் காப்பாற்றியவர், வரிசையின் கடைசியில் இருந்த டொக்டர் அம்மா. கறியை வாங்கி, எல்லாரும் பார்க்கச் சாப்பிட்டுவிட்டு, கைகழுவும் இடத்தில் என்னைப் பிடித்தார்.

"ஆருக்கு இந்த மருந்து?"

சொன்னேன்.

"இது கறிக் காளான். அது வேற. சிலருக்கு மனச்சோர்வு குறைஞ்சிருக்கு, எல்லாருக்கும் இல்லை. இன்னும் ஆராய்ச்சிதான். பக்கத்தில ஆள் இருந்து பார்க்க வேணும், தானா வாங்கி எடுக்கிற சாமான் இல்லை. இதயத் துடிப்பு கூடும், பயமும் பிடிக்கலாம். அதைவிட முக்கியம், குடும்பத்தில ஆருக்காவது இல்லாத குரல் கேக்கிற நோய் இருந்ததோ? இருந்தால் இது ஆபத்து."

வெறும் வாளி கையில் கனத்தது. எங்கள் பெரியப்பா, கொட்டாஞ்சேனை வீட்டின் பின்னறையில், எங்களுக்குத் தெரியாத ஆட்களோடு நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தவர். வீட்டுக்கு யார் வந்தாலும் "அவர் ஊரில" என்று சொல்ல எங்களைப் பழக்கியிருந்தார்கள். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோதே பெரியப்பா செத்துப்போனார். பிறகு யாரும் தம்பிக்கு அதைச் சொல்லவில்லை.

கோயில் வாசலில் நின்றே தம்பிக்குப் போன் எடுத்தேன். பெரியப்பாவின் கதையை முழுக்கச் சொன்னேன்.

"எனக்கு இருந்தது அந்த ஒரு வழிதான் அண்ணா."

"தெரியும். எண்டாலும் ஆஸ்பத்திரியில சொல்லு. மறைக்காத."

சொன்னார். ஆஸ்பத்திரி அவரை அந்த ஆராய்ச்சிக்குச் சேர்க்கவில்லை. வேறு வைத்தியம் தொடங்கினார்கள். கொஞ்ச நாள் என்னோடு கோபம். பிறகு மெல்ல மெல்ல "ம்" வசனமாக நீண்டது. இன்றைக்கும் போன் எடுத்தால் அவருடைய முதல் கேள்வி உங்களுக்கே தெரியும்: "அண்ணா, சுவர் இன்னும் மூச்சு விடுதோ?" வெள்ளவத்தையில் எந்தக் கல்யாணத்திலும் காளான் கறி வந்தால், என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சனம் இலையில் போடவிடும்.

அந்த அன்னதானத்தன்று பின்னேரம் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். நான் அலுமாரியின் அடித்தட்டில் துணிகளுக்குக் கீழே கிடந்த பெரியப்பாவின் படத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, ஹாலில் வாசலுக்கு நேரே ஆணி அடித்து மாட்டினேன்.