கைக்குச் சிக்காத ‘ஆம்’ பட்டன்

இந்த ஞாயிற்றுக்கிழமை உலகமே தலைகீழானாலும் பரணில் ஏறுவதில்லை என்று சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் செய்கிற வயதெல்லாம் கல்யாணத்தோடு போயாச்சு.

காரணம் இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் குடியிருப்பின் கேரம் இறுதி ஆட்டம். இரட்டையர் பிரிவு. எதிர்வீட்டுப் பல் டாக்டரும் நானும் ஒரு ஜோடி. நான் வாழ்க்கையில் எட்டிப்பிடித்த முதல் இறுதி ஆட்டம் இதுதான். கோப்பையை ஷோகேஸில் எங்கே வைப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்: ஆறாம் வகுப்பில் சாக்கு ஓட்டத்தில் வாங்கிய ஆறுதல் பரிசுக்குப் பக்கத்தில்.

அதே ஞாயிறு, அதே பத்து மணிக்குத்தான் என் மனைவி பரணைச் சுத்தம் செய்ய நாள் குறித்திருந்தாள். ஆறு மாதமாக ‘அடுத்த வாரம்’ சொல்லித் தள்ளிவந்தவன் நான். இனித் தள்ள வாரம் இல்லை.

நேரடியாக முடியாது என்று சொல்லலாமே என்பீர்கள். நீங்கள் ஒருநாள் வந்து சொல்லிக் காட்டுங்கள், கற்றுக்கொள்கிறேன்.

அந்த நேரத்தில்தான் வெப்சைட்டுக்கு எழுதுகிற ஸ்கிரிப்ட் கைகொடுத்தது. நான் அச்சகத்தில் நோட்டீஸும் விசிட்டிங் கார்டும் வடிவமைப்பவன். “இனிமே வெப்சைட்டும் பண்ணணும்” என்று முதலாளி சொன்னதால் ஒரு மாதமாக ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து படிக்கிறேன். பாடத்தை உரக்கச் சொன்னால்தான் எனக்கு மண்டையில் ஏறும். ஆகவே தினமும் சாப்பாட்டு மேஜையில், எதிரே காய் நறுக்கும் மனைவிக்கு வகுப்பெடுப்பேன்.

“இங்க பாரு. வெப் பக்கம்ங்கிறது ஒரு வீடு. எச்டிஎம்எல்தான் சுவரு. சிஎஸ்எஸ் பெயின்ட்டு. ரெண்டும் சும்மா நிக்கும். ஸ்கிரிப்ட் எழுதினாத்தான் வீட்டுக்கு உயிர் வரும். இதைத் தொட்டா அது நடக்கணும், தப்பா எழுதினா உடனே கத்தணும்.”

“அதாவது வீட்ல நான் பண்ற வேலை.”

“அப்படியும் சொல்லலாம்.”

“அது எங்க ஓடும்? எழுதினவங்க கம்ப்யூட்டர்லயா?”

“இல்ல, பாக்கிறவங்க ப்ரௌசர்லயே ஓடும். நாம எழுதினது அப்படியே அவங்ககிட்ட போயிடும்.”

“ஓஹோ,” என்று ஒரு கேரட்டின் தலையைச் சீவினாள். பேச்சுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். நான் அவள் பேச்சைக் கேட்கிற விதம் அப்படி. ஆஸ்பத்திரியில் பதிவு கவுன்டரில் இருக்கிறாள். சாயங்காலம் வந்ததும் கவுன்டர் கதை, மேனேஜர் கதை, மாடிவீட்டுக் கதை எல்லாம் சொல்வாள். நான் சரியான இடங்களில் “ம்” போடுவேன். பதினெட்டு வருடப் பயிற்சியில், “ம்” போடுவதற்குக் காது தேவையில்லை என்கிற நிலையை அடைந்திருக்கிறேன்.

திட்டம் இதுதான். ஒரு பக்கம். அதில் ஒரு கேள்வி, இரண்டு பட்டன்கள். ‘ஆம்’ பட்டன்மேல் மவுஸ் போனால், உடனே அது வேறு மூலைக்கு ஓடிவிடும். மவுஸ் எப்போது வருகிறது என்று ப்ரௌசர் காவல் காத்துச் சொல்லும்; ஸ்கிரிப்ட் பட்டனைத் துரத்திவிடும். ஐந்தாம் பாடத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எதற்கு என்று குறிப்பு எழுத வேண்டும் என்பார் எங்கள் ஆசிரியர். நான் நல்ல மாணவன். எழுதினேன்.

டாக்டரை வைத்துச் சோதித்தேன். மனிதர் பத்து நிமிடம் ‘ஆம்’ பட்டனைத் துரத்தினார். பாவம், நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் இருப்பவர்களிடமே வேலை பார்த்துப் பழகியவர்.

“சார், இத யாராலயும் அமுக்க முடியாது!” என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. “கோப்பை நம்மளுதுதான்.”

சனிக்கிழமை காலை மடிக்கணினியை மனைவிமுன் வைத்தேன். திரையில் பெரிய எழுத்தில்: ‘நாளை கணவர் பரணைச் சுத்தம் செய்ய வேண்டுமா?’ கீழே ‘ஆம்’, ‘வேண்டாம்’.

“என்னங்க இது?”

“நம்ம ரெண்டு பேரும் எதுக்கு வாக்குவாதம் பண்ணணும்? நீயே அமுக்கு. எது வருதோ அதுக்கு நான் கட்டுப்படறேன்.”

“நெஜமாவா? வேண்டாம்னு வந்தா நான் இனி பரண் பேச்சையே எடுக்க மாட்டேன். ஆம்னு வந்தா?”

“நாளைக்குப் பரண். அதோட வருஷம் முழுக்க நீ சொல்ற எல்லா வேலையும்!”

அடங்காத வாய் எனக்கு. ஜெயிக்கப்போகிறோம் என்றால் தாராளமாகிவிடும்.

மவுஸை மரியாதையாக அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, கீபோர்டில் இரண்டு தட்டு தட்டினாள். முதல் தட்டில் ‘ஆம்’ பட்டனைச் சுற்றி ஒரு கட்டம் விழுந்தது. இரண்டாவது தட்டில் திரை சொன்னது: ‘ஆம். இந்த முடிவு இறுதியானது.’

பட்டன் ஒரு இம்மி நகரவில்லை. மவுஸ் வந்தால்தானே ஓடும்?

“என்ன பண்ணின நீ?”

“டேப், என்ட்டர். எங்க கவுன்டர்ல மவுஸே கிடையாதுங்க. பதினோரு வருஷமா எல்லாம் கீபோர்டுதான். விரல் வலிக்குதுன்னு தெனம் உங்ககிட்ட சொல்றேனே?”

சொல்லியிருப்பாள். நான் “ம்” போட்டிருப்பேன்.

“இது செல்லாது,” என்றேன். “ஸ்கிரிப்ட்ல ஏதோ பிழை. சரி பண்ணிட்டு அடுத்த வாரம்...”

“பிழையா? இருங்க, பாக்கலாம். கன்ட்ரோலையும் யூவையும் சேர்த்து அமுக்கினா எழுதினது முழுக்கத் தெரியும்னு செவ்வாய்க்கிழமை சொல்லிக் குடுத்தீங்க. நான் பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தேன்.”

அமுக்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிறமாதிரி நிறுத்தி நிதானமாக வாசித்தாள்:

“குறிப்பு: மனைவியின் மவுஸ் நெருங்கியதும் ‘ஆம்’ ஓட வேண்டும். குறிப்பு: ‘வேண்டாம்’ நகரக்கூடாது, அவள் களைத்துப்போய் அதைத்தான் அமுக்குவாள். குறிப்பு: கேரம் முடியும்வரை இந்தப் பக்கத்தை அழிக்காதே.”

‘எல்லாருக்கும் புரியும்படி எழுதுங்கள்’ என்ற ஆசிரியரை மனசாரத் திட்டினேன்.

“தப்புதான்மா. ஆனா எனக்கு இதுதான் முதல் ஃபைனல். ஜோடி இல்லாம டாக்டர் எப்படி ஆடுவார்?”

“அத நான் பாத்துக்கறேன். நீங்க ஏணிய எடுத்து வைங்க.”

ஞாயிறு பத்து மணிக்குப் பரணில் இருந்தேன். உடைந்த சூட்கேஸ்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே தும்மிக்கொண்டிருந்தேன். ஆட்டம் நடந்த எதிர்வீட்டிலிருந்து காய்கள் மோதும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஒரே கைதட்டல். “சிவப்பு போட்டாச்சு! சிவப்பு போட்டாச்சு!” என்று டாக்டர் கத்துவது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. மனைவி வந்தாள். கையில் கோப்பை.

நான் ஏணியில் பாதி இறங்கியபடியே நின்றுவிட்டேன். “நீயா ஆடின? உனக்குக் கேரம் தெரியுமா?”

“ஆறு மாசமா சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் வீட்டம்மாவோட ஆடிட்டு வரேன். ஒவ்வொரு வாரமும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போறேன்?”

“நான் என்ன சொன்னேன்?”

“ம்.”

அடுத்த படியில் காலை வைத்தேன்.

“இருங்க, இறங்காதீங்க,” என்று ஷோகேஸைத் திறந்தாள். கோப்பையை உள்ளே வைத்துப் பார்த்தாள். பிறகு அங்கிருந்து எதையோ எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“இடம் பத்தல. உங்க ஆறுதல் பரிச மேல வெச்சிட்டு வாங்க.”