இரண்டு முறை அளந்த இதயம்

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

"எம்.ஆர்.ஐ. அறையில இரும்பா? காந்தம் பிடுங்கிக்கும்னு எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கதானே!"

மெஷின் பழுது பார்க்க வருகிறவனுக்கும் ஸ்கேன் எடுப்பவளுக்கும் மூன்று வருடமாக இதே பேச்சுத்தான். அவன் கேட்க நினைத்தது ஸ்க்ரூடிரைவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் அம்மாவுக்கும் தெரியும். ஆனால் இதயஞானியைக் கேட்காமல் அம்மா தும்மக்கூட மாட்டாள்.

யார் இந்த இதயஞானி? ஸ்கேன் படத்தில் இதயத் தசை துடிப்பதைப் பார்த்தே கல்யாணப் பொருத்தம் சொல்லும் மகான்! ஊரே ஸ்கேன் உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் வாசலில் நின்றது. முழங்கால் வலியென்று அவளிடம் ஸ்கேனுக்கு வந்த கிழவர்கூட, "அப்படியே இதயத்தையும் எடுத்துடும்மா. பேரனுக்கில்ல, எனக்குத்தான்" என்றார்.

அம்மா மகள், அவன் இருவரின் இதயப் படத்தையும் ஞானியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். டி.வி.யில் துடிக்கும் இதயத்தின்மேல் ஞானி ஒரு பள்ளிக்கூட ஸ்கேலை வைத்தார். கண்ணை மூடினார். கண்ணை மூடிக்கொண்டு அளப்பதுதானே ஞானம்!

"பொண்ணுக்குப் பத்தொன்பது சென்டி, பையனுக்குப் பதினொண்ணு. சேராது."

அம்மா வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள்.

மறுநாள் மகள் அம்மாவையும் அவனையும் இழுத்துக்கொண்டு போனாள். 'பெண்', 'மாப்பிள்ளை' என்று எழுதிய இரண்டு சி.டி.களை நீட்டினாள்.

"பொண்ணுக்கு இருபத்தேழு, மாப்பிள்ளைக்கு ஒன்பது. கீரியும் பாம்பும்!"

"நேத்து எனக்குப் பத்தொன்பதுன்னீங்க, ஐயா. அது போகட்டும். ரெண்டு சி.டி.யிலயும் இருக்கறது என் இதயம்தான். ஒரே படம்."

ஞானி விடவில்லை. "உனக்கு உன்னையே பிடிக்கலை, தாயி."

"ஸ்கேன் சென்டர்ல நாங்க பேரை மறைச்சு, நாள் விட்டு, அதே படத்தை மறுபடி அளப்போம். ரெண்டும் ஏறக்குறைய ஒத்து வரணும். வரலேன்னா அது அளவில்ல, வாய்க்கு வந்தது."

"எனக்கும் மறுபடி அள!" என்று வரிசை மொத்தமும் முண்டியடித்தது. "இதோ வந்துட்டேன்" என்று ஞானி எழுந்தார். பின்வாசல் வழியே போனவர் திரும்பவேயில்லை. ஸ்கேலை மட்டும் விட்டுப்போயிருந்தார். அதில் முதல் மூன்று சென்டிமீட்டரைக் காணோம்!

நெஞ்சைத் திறக்காமலே இதயத்தைப் படம் பிடிக்கிற காலம் இது. ஒரே கேள்வியை இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கத்தான் அவள் வரும்வரை இத்தனை தலைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

மெஷின் பழுது பார்ப்பவன் அவள் பக்கம் திரும்பினான். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்..."

"ரெண்டு தடவை கேளுங்க, தம்பி," என்றாள் அம்மா. "ஒத்து வருதான்னு பாப்போம்."

"என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டான். "என்னைக் கட்டிக்கிறீங்களா?"