வெங்காய சார் ஸ்வெட்டர் கழற்றிய நாள்

நீலகிரி மலை ஏறி வந்தவர்களிலேயே குளிருக்கு அதிகமாகப் பயந்தவர் வெங்காய சார்தான். அவரைப் பார்த்து அதிகமாகப் பயந்தவன் நான். இரண்டிலும் போட்டிக்கு ஆள் கிடையாது.

குன்னூரில் நான் வேலை பார்க்கும் தையல் கம்பெனிக்கு, டைலர்களின் திறமையைச் சோதிப்பதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து அவரை வரவழைத்திருந்தார்கள். முதல் நாள் நல்ல வெயில். நாங்கள் எல்லோரும் அரைக்கைச் சட்டையில் இருந்தோம். அவரோ ஒரு ஸ்வெட்டர், அதன் மேல் இன்னொரு ஸ்வெட்டர், அதற்கும் மேல் ஒன்று, கழுத்தில் மப்ளர், தலையில் குரங்குக் குல்லா என்று வந்து இறங்கி, வாட்ச்மேனிடம் கேட்டார்: “ஏனுங்க, குளிரு இன்னும் ஏறுமுங்களா?”

பக்கத்து மெஷின் மேரி எட்டிப் பார்த்தாள். “உரிச்சுக்கிட்டே போனா உள்ள ஆளே இருக்காது போலிருக்குதுங்ணா. வெங்காயம்!” என்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பெயர் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. அவருடைய உண்மைப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

டீ வாங்குவார், குடிக்க மாட்டார். டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருப்பார். ஆறியதும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, சூடாக இன்னொன்று கேட்பார். “டீ வாய்க்கு இல்லீங்க, கைக்குத்தான்” என்பார். கேண்டீன்காரர் இப்படி ஒரு வாடிக்கையாளரை அதற்கு முன் பார்த்ததில்லை.

சிரிப்பெல்லாம் சோதனை தொடங்கும் வரைக்கும்தான். கரண்ட் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர்களுக்கான கோட்டு ஆர்டர் வந்திருந்தது. உள்ளே பஞ்சு, வெளியே மழைத்துணி, தலைக்கு ஹூட். சாதாரணத் தையல் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு கோட்டை முழுதாகத் தைத்துக் காட்ட வேண்டும். தேறினால் மெஷின். தேறாவிட்டால் பிசிறு மேசை, அதாவது தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற இடம். ஆர்டர் குறைந்தால் பிசிறு மேசையில் இருப்பவர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? சோற்றில் கை வைத்தால் பிசிறு மேசைதான் கண்ணில் தெரிந்தது.

வெங்காய சார் சோதிக்கிற விதமே தனி. தைக்கும்போது ஊசிக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்ப்பார். தைத்து முடித்ததும், போட்டிருக்கும் ஸ்வெட்டர்களுக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொள்வார். அப்புறம் நேராகப் போய் கம்பெனித் தூணைக் கட்டிப்பிடித்து, கம்பம் ஏறுகிற மாதிரி காலை உதைத்து எம்புவார். ஒரு அங்குலம்கூட ஏற மாட்டார். ஆனால் தையல் பலவீனமாக இருந்தால் அக்குளில் ‘டர்’ரென்று சத்தம் வரும்.

எனக்கு முன்னால் சோதனை கொடுத்தவருக்கு அந்தச் சத்தம் வந்தது.

“கம்பத்து மேல இருக்கறப்ப இப்படிக் கிழிஞ்சா, மழை உள்ள போயிருமுங்களே” என்று தூணைக் கட்டிப்பிடித்தபடியே வருத்தமாகச் சொன்னார் சார். அந்த மனிதர் பிசிறு மேசைப் பக்கம் நடந்தார்.

இது தவிரக் கேள்வியும் உண்டு. “தைக்கறப்ப ஊசி உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?” மெஷினை நிறுத்தி, கையைத் தூக்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்ல வேண்டும். உடைந்த துண்டு எல்லாம் கிடைக்கும் வரை யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது. கிடைக்காவிட்டால் கோட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். உள்ளே ஊசி இருக்கிற கோட்டை யார் முதுகில் மாட்டுவது?

பதில் தெரியும். சத்தம்தான் வராது. பஸ்ஸில் என் ஸ்டாப்பைக் கண்டக்டர் மறந்துவிட்டால், நான் வாயைத் திறக்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடக்கிறவன்.

என் முறை வந்தது. சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு டம்ளரும் கையுமாக உட்கார்ந்தார். ஹூட் முடிந்தது. ஒரு கை முடிந்தது. இரண்டாவது அக்குளில் பஞ்சும் துணியும் தடித்து நின்ற இடத்தில் ‘டக்’ என்றது.

ஊசி போச்சு. பாதி மெஷினிலேயே இருந்தது. நுனியைக் காணோம். அதுவரை ஊசிப் பக்கம் குனிந்திருந்த சார், குல்லாவுக்குள் சத்தம் கேட்காமல், அப்போதுதான் ஆறிய டீயைக் கொடுக்கத் திரும்பினார்.

மேரி உதடு அசையாமல் பேசினாள். “அண்ணா, கம்முனு இருங்க. எங்கிட்ட ஒரு ஊசி இருக்குது. அவரு திரும்பறதுக்குள்ள மாத்திப்போடுங்க.”

கை அவள் பக்கம் நீண்டுவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். அந்த நுனி கோட்டுக்குள்தான் இருந்தால்? கம்பத்தின் உச்சியில் ஒருத்தர் கையைத் தூக்கும்போது சுருக்கென்று குத்தினால்?

“ஊசீ!”

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. மெஷின்கள் எல்லாம் நின்றன. சார் கையிலிருந்த டீ ஸ்வெட்டரில் கொட்டியது. தொடங்கின வாய் நிற்கவும் மாட்டேன் என்றது. “ஊசி! ஊசி உடைஞ்சிருச்சு! ஊசி!”

“கேட்டுருச்சுங்ணா, மேட்டுப்பாளையத்துக்கே கேட்டுருச்சு” என்றாள் மேரி.

காந்தத்தை வைத்துத் தரையைத் தடவினார்கள். மேசையைத் தடவினார்கள். கோட்டை அங்குலம் அங்குலமாகத் தடவினார்கள். கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு, “கோட்டைத் தூக்கிப் போடோணும். அப்ப உங்க சோதனையும் கணக்குல வராதுங்க” என்றார். அப்படியென்றால் எனக்குப் பிசிறு மேசைதான்.

வெங்காய சார் எழுந்தார். “இருங்க. என்னையத் தேடலீங்களே?”

அந்தக் குளிருக்குப் பயந்த மனிதர், எல்லோருக்கும் நடுவில் கழற்ற ஆரம்பித்தார். மப்ளர் வந்தது. காந்தத்தில் ஒன்றுமில்லை. ஸ்வெட்டர். ஒன்றுமில்லை. இன்னொரு ஸ்வெட்டர். ஒன்றுமில்லை. மூன்றாவதும் வந்தபோது, மேரி சொன்னது கிட்டத்தட்ட உண்மை என்று தெரிந்தது. உள்ளே ஒரு மெல்லிய சட்டையும் அதற்குள் ஒரு நடுக்கமும்தான் இருந்தன.

“குல்லாயுங்க சார்” என்றார் சூப்பர்வைசர்.

“குல்லா மட்டும் வேண்டாமுங்களே” என்று கெஞ்சிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கழற்றிக் கொடுத்தார்.

நுனி அதில்தான் இருந்தது, நெற்றி மடிப்பில், இடது புருவம் இருந்த இடத்துக்குச் சற்று மேலே. கொஞ்சம் இறங்கியிருந்தால் கண். அவர் நுனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பல் தந்தியடித்தபடியே சொன்னார்: “சத்தம் நல்லா இருந்துச்சுங்க. உக்காந்து மிச்சத்தைத் தைங்க.”

தைத்தேன். ஸ்வெட்டர்களை மறுபடி போட அவருக்குப் பொறுமை இல்லை. என் கோட்டைச் சட்டை மேலேயே மாட்டி, ஹூட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தூணுக்கு ஓடினார். எம்பினார். அக்குள் சத்தம் போடவில்லை. மறுபடி எம்பினார். அப்போதும் இல்லை. இறங்கி வந்தவர் கோட்டைக் கழற்றவும் இல்லை.

“சோதனை முடிஞ்சுதுங்களா சார்?” என்று மேரி கேட்டாள்.

“இல்லீங்க. சாயங்காலம் வரைக்கும் பார்க்கோணும்” என்றார்.

சாயங்காலம் வரை அதற்குள்ளேயே இருந்தார். அன்றுதான் முதல் முறையாக, வாங்கிய டீயைக் குடித்தார்.

நான் இன்னும் அதே மெஷினில்தான் இருக்கிறேன். இப்போது சோதனைக்கு வேறு யாரோ வருகிறார்கள், தொப்பிகூடப் போடாதவர்கள். கழுத்தும் ஹூட்டும் சேரும் தையலை முடித்ததும் ஒரு தரம் விரலால் தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எங்கேயாவது காற்று புகுந்தால் வெங்காய சாருக்கு ஆகாது.