பொன்னாடை போக மீதி நேரம்

"மன்றம் கூடும் நேரத்தில் முக்கால் பங்கை, மாணவர் படைப்புகளை வாசிக்கவும் விமர்சிக்கவும் மட்டுமே செலவிட வேண்டும்." எழுத்து, ஓவிய மன்றத்தின் மூன்றாம் விதி இது. எனக்கு மனப்பாடம். எழுதியவனே நான்தான்.

கலெக்டர் அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று, குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக் குடியேறியவன் நான். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருநாள் வந்தார். "அண்ணாச்சி, பிள்ளைய எழுதுத கதை, வரையுத படம் எல்லாத்தையும் வச்சு நல்லது கெட்டது பேச ஒரு மன்றம் ஆரம்பிக்கோம். விதிமுறை மட்டும் எழுதித் தாங்க" என்றார். அரைப் பக்கம் கேட்டார். இணைப்புகளோடு ஒரு கோப்பே கொடுத்தேன்.

முதல் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். ஒன்பதாம் வகுப்பு நஸ்ரின் தன் கதையை வாசிக்க வேண்டும். சவுதியில் இருக்கும் வாப்பாவுக்குக் குற்றாலச் சாரலை வீடியோ காலில் காட்டப் பார்க்கும் ஒரு சிறுமியின் கதை. மாவட்டப் போட்டிக்கு அனுப்ப மறுநாள் கடைசி நாள். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், தப்பு இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்க. வீட்டுக்குப் போனதும் மாத்தி எழுதிருவேன்."

கூட்டம் தொடங்கியது. பொன்னாடையும் தொடங்கியது. மின்விசிறி வாங்கித் தந்த லாட்ஜ் முதலாளிக்கு ஒன்று. பெற்றோர் சங்கத் தலைவருக்கு ஒன்று. எனக்கு ஒன்று. பொன்னாடைகளை வாங்கி வந்தவரை விட்டால் வருத்தப்படுவார் என்று அவருக்கும் ஒன்று. என்னைத் தவிர, போர்த்தப்பட்ட ஒவ்வொருவரும் 'சில வார்த்தைகள்' பேசினார்கள். லாட்ஜ் முதலாளி, சீசனில் அறை கிடைக்காமல் தன்னிடம் கெஞ்சிய பெரிய மனிதர்களை வரிசையாகச் சொன்னார். (அதற்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை.) நஸ்ரின் கதைத்தாளைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"இன்னும் ஒரு ஆளுதான், அண்ணாச்சி" என்று தலைமையாசிரியர் காதைக் கடித்தார்.

அந்த ஒரு ஆளும் முடித்ததும் எழுந்து மைக்கைப் பிடுங்கினேன். "ஒரே நிமிடம்" என்றேன். மூன்றாம் விதியை ஒப்பித்தேன். அது ஏன் எழுதப்பட்டது என்று விளக்கினேன். விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு, மேசை மேசையாக அலைந்த ஒரு பட்டா மாறுதல் கோப்பின் கதையைப் பிறப்பிலிருந்து சொன்னேன். "குழந்தைகளின் நேரத்தைத் திருடுகிறவர்கள்" என்று மேடையைப் பார்த்தே கர்ஜித்தேன். பொன்னாடையைக் கழற்றாமலேயே.

பலத்த கைதட்டல். நியாயத்துக்குக் கிடைத்தது என்று நினைத்தேன். மணி அடித்ததற்குக் கிடைத்தது.

பைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். நஸ்ரின் மட்டும் என் முன்னால் வந்து நின்றாள்.

"சார், அவிய எல்லாரும் பேசி முடிச்சப்பவும் எனக்கு நேரம் மிச்சம் இருந்துச்சு."

அவ்வளவுதான். சுந்தரபாண்டியபுரம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "மொதல்ல தோள்ல கெடக்குறதைக் கழத்துங்க, அப்புறமா கோவப்படலாம்" என்றாள் மனைவி. அதோடுதான் ஊரே பார்க்க வீடு வரை நடந்து வந்திருக்கிறேன்.

விதிமீறலுக்கு விளக்கம் கேட்டுத் தலைமையாசிரியருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். நடந்து போனால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடும் பள்ளிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். பதில் இல்லை. முதல் நினைவூட்டல் போனது. இரண்டாவதும் போனது. சாரல் நின்று வெயில் வந்துவிட்டது. பதில் மட்டும் வரவில்லை. ஒரு கடிதத்துக்குப் பதில் போடத் துப்பில்லாதவர்கள் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறார்களாம்.

கடைசியில் ஒருநாள் காலையில் நஸ்ரினே வந்து ஒரு தாளை நீட்டினாள். என் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் தலைமையாசிரியர் அதை மன்றத்துக்கே அனுப்பிவிட்டாராம். மன்றத்துக்கு எழுத்தில் வரும் எதையும் படைப்பாகவே கருத வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. (அதையும் நான்தான் எழுதினேன்.) பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, வாசித்து, விமர்சித்திருந்தார்கள்.

"தொடக்கம் நீளம். எழுதியவருக்கு என்ன வேண்டும் என்பது மூன்றாம் பக்கத்தில்தான் தெரிகிறது. விதி எண்களைக் குறைக்கலாம். கோபக்காரப் பெரியவர் பாத்திரம் உயிரோட்டமாக இருக்கிறது. ஆனால் எல்லோரும் பேசிய நேரத்தைக் கணக்கிடும் அவர், தான் பேசியதைச் சேர்க்கவில்லை. திருத்தி மீண்டும் அனுப்பவும்."

இரண்டு முறை வாசித்தேன். "உன் கதை என்னாச்சும்மா?" என்றேன்.

"அப்படியேதான் அனுப்புனேன். பரிசு வரலை. முடிவுல சொதப்பிட்டன்னு இப்பதான் மன்றத்துல சொன்னாவ. சரியாத்தான் சொல்லுதாவ. அன்னைக்கே தெரிஞ்சிருந்தா மாத்திருப்பேன்." கோபமே இல்லாமல் சொன்னாள். அவளுக்கும் சேர்த்து எனக்குத்தான் இன்றுவரை கோபம்.

இப்போதெல்லாம் வங்கியிலோ கேஸ் ஏஜென்சியிலோ நான் குரலை உயர்த்தினால், பக்கத்தில் நிற்கும் மனைவி, "நீளமாப் போவுது. திருத்தி மீண்டும் அனுப்புங்க" என்கிறாள். பேத்தி வரைக்கும் அதைப் படித்துக்கொண்டாயிற்று.

அந்தத் தாளைக் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பழக்க தோஷத்தில் அன்றே அதன் தலையில் குறித்தும் வைத்தேன்: பெறப்பட்டது, அக்டோபர் 2. அரசு விடுமுறை. நடவடிக்கை அடுத்த வேலை நாளில்.