இலவசத் துப்புரவாளர்

‘நிறுவனத்தின் மின்னணுத் தகவல்களை இழப்பிலிருந்து காக்கும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்’ என்று அவருடைய அடையாள அட்டை சொல்கிறது. அச்சு இயந்திரத்தில் காகிதம் தீர்ந்திருந்ததை ஒருமுறை கண்டுபிடித்ததற்காகக் கிடைத்த பதவி. ஆனால் அவர் சேர்ந்த இனம் வேறு: இலவசத் துப்புரவாளர். அடுத்தவர் கணினியைப் பார்த்தாலே கை அரிக்கும் இனம். இவர்கள் காசு கொடுத்து எந்த மென்பொருளையும் வாங்க மாட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு எந்தக் கணினியையும் தொடவும் மாட்டார்கள். இவ்வளவு நல்லவர்களை எப்படித் திட்டுவது?

நீங்களும் பார்த்திருப்பீர்கள். நலம் விசாரிப்பதற்கு முன்பே “ஸ்லோவா இருக்குமே?” என்பார்கள். பிறகு எங்கோ கிடைத்த இலவச மென்பொருளை இறக்கி, அது கேட்பதற்கெல்லாம் படிக்காமலே சம்மதம் சொல்லி, அது கூட்டிவந்த இரண்டு உறவுக்கார மென்பொருள்களையும் வரவேற்று உட்காரவைத்து, திரை சிவந்துபோய் ‘ஆயிரக்கணக்கான கோளாறுகள்’ என்று அலறும்போது, நோயைச் சரியாகக் கணித்த டாக்டரைப் போலத் தலையாட்டுவார்கள். அந்த மூன்றும் ஒன்றையொன்று ஆபத்து என்று காட்டிக்கொடுக்கும். கணினி அப்போதுதான் உண்மையிலேயே மெதுவாகும்.

“பாத்தியா, நான் சொன்னேன்ல?”

நம்மவர் அன்று போனது தங்கையின் போட்டோ ஸ்டூடியோவுக்கு. மறுநாள் அவள் ஒரு கல்யாண ஆல்பத்தைக் கொடுத்தாக வேண்டும். புதுக் கடைக்கு வந்த முதல் பெரிய வேலை. கேமரா கார்டை அடுத்த வேலைக்காக அழித்தாயிற்று. படங்கள் கணினியில் மட்டும்தான்.

“அண்ணா, அது நல்லாத்தான் ஓடுது. விட்டுடுங்க.”

“நீ பழகிட்டம்மா, அதான் தெரியல. இது என்ன, ஒரே பொண்ணு இத்தனை தடவை?”

“ஒண்ணுல சிரிக்கிறா. அடுத்ததுல சிரிக்கப் போறா. ரெண்டும் ஒண்ணா?”

“இடத்தை அடைக்குதுல்ல?”

வாசலில் யாரோ கூப்பிட, அவள் எழுந்து போனாள். திரும்பி வந்தபோது திரை பச்சையாக, நிம்மதியாக இருந்தது. ஒரே மாதிரியான படங்களில் முதலாவதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மென்பொருள் நீக்கியிருந்தது. குப்பைத் தொட்டியையும் மறக்காமல் காலி செய்திருந்தது. முதல் படம் என்பது வெளிச்சம் பார்க்க எடுப்பது. ஃப்ளாஷ் அடித்ததும் மணப்பெண் கண்ணை மூடியிருப்பாள்.

“போனதை மீட்க முடியுமாண்ணா?”

“அதுக்கும் ஃப்ரீயா ஒரு சாஃப்ட்வேர் இருக்கு.”

அவர் அதையும் இறக்குவதற்குள் தங்கை கணினியின் பிளக்கைப் பிடுங்கினாள். அப்படியும் எதுவும் திரும்பவில்லை.

மறுநாள் மணப்பெண் ஆல்பத்தைக் கடைசிவரை பொறுமையாகப் புரட்டினாள். “என் கல்யாணத்துல நான் முழிச்சிருந்த நேரமே இல்லையாங்க?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் குடும்பத்தில் இன்னும் கல்யாணங்கள் உண்டு. இந்த ஸ்டூடியோவுக்கு அவை வராது.

கணினி பழசு, அதனால்தான் தாங்கவில்லை என்கிறார் அண்ணன். நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, உங்கள் திரையின் மூலையில் ‘இப்போதே சுத்தம் செய்’ என்று ஒன்று கண்சிமிட்டுகிறதே, அதை அங்கே வைத்தது யார்? உங்கள் வீட்டுக்கு இப்படி ஓர் அண்ணன் வரவில்லையென்றால், அந்த அண்ணன் நீங்கள்தான்.

அவர் செய்தது வேறொன்றுமில்லை. தங்கை வாசலுக்குப் போயிருந்த நேரத்தில், அவளைக் கேட்காமல், ‘அனைத்தையும் சரிசெய்’ என்ற பொத்தானை அழுத்தினார்.