நாலு வகைத் தலைமை

காசிராஜன் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி ராஜபாளையம் தேவாலய வளாகத்துக்குள் நுழைந்தபோது, அசனத்துக்கான சமையல் அவர் இல்லாமலேயே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

சபைச் செயலர் அவர். வருகிற ஞாயிறு தேர்தல். மூன்றாவது முறையும் அந்த நாற்காலி வேண்டும். சாயங்காலம் சாதி மதம் பார்க்காமல் ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடப்போகிற இந்த அசன விருந்து, தன் தலைமையில் நடந்ததாக நாலு பேர் சொன்னால்தானே ஓட்டு விழும்?

அவரைப் பார்த்ததும் மனைவி ஹெப்சிபாவின் கையிலிருந்த கரண்டி நழுவியது.

"என்னங்க, சாயங்காலம்தான தலைமைப் பயிற்சி முடியும்னு சொன்னாக?"

"நாலு வகைத் தலைமையையும் மத்தியானத்துக்குள்ள கத்துக்கிட்டேன்ட்டீ. பயிற்சி குடுக்க அந்தப் பையன் சதீஷ் விடவே மாட்டேங்கான். இன்னொரு டீ குடிங்க, பால்கோவா சாப்பிடுங்கன்னு ஒரே உபசாரம். இந்த வட்டாரத்துலயே என்னை ஒருத்தனைத்தான் கூப்பிட்டிருக்கான், தெரியுமா?"

காலையில் அவரை பஸ் ஸ்டாண்ட் வரை வந்து ஏற்றிவிட்டவள் ஹெப்சிபாதான். 'நீங்க போகலன்னா ராஜபாளையத்துல தலைவரே இல்லன்னு நெனச்சிருவாக' என்று அவள் சொன்னதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"வீட்டுல போயி செத்த நேரம் படுத்து எந்திரிச்சு வாங்களேன்."

"தலைவனுக்கு ஏது தூக்கம்?"

ஹெப்சிபா போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் ஓடினாள்.

முதல் வகை, ஆணையிடும் தலைமை. மில்லில் சூப்பர்வைசராக இருந்த காலத்து விசிலை எடுத்து ஊதினார். செட்டியார்பட்டியிலிருந்து வந்திருந்த சமையல் மாஸ்டர் ராக்கப்பன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"ஏலே, புகை மேடைக்குப் போகுது. சாம்பார் அடுப்பை இந்தப் பக்கம் மாத்து!"

"காத்து இப்பம் மலைப்பக்கமிருந்து அடிக்கு அண்ணாச்சி. சாயங்காலம் தானா திரும்பிரும்."

"நான் சொன்னா சொன்னதுதான்!"

கொதிக்கிற அண்டாவை எட்டுப் பேர் தூக்கி மாற்றினார்கள். புகை இப்போது வெங்காயம் நறுக்கிய பெண்களின் மூஞ்சியில் அடித்தது. அவர்கள் இருமினார்கள்.

"ஏட்டி, என்ன இருமல்? வேலையைப் பாருங்க!"

வெள்ளத்தாய் அரிவாள்மனையைக் கவிழ்த்து வைத்தாள். "மில்லுல நூல் அறுந்தா கத்துத மாதிரி எங்ககிட்ட கத்தாதிய. எந்திரிங்கட்டி போவோம்."

கறிக்கு அரைத்துக் கரைத்த மசாலாவைக் குழாயடியில் அப்படியே விட்டுவிட்டு அத்தனை பெண்களும் ஆலயத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

காசிராஜன் அசரவில்லை. இரண்டாவது வகை கையில் இருந்ததே. எல்லாரையும் கலந்து முடிவெடுக்கும் தலைமை! ஆலய வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"இனிமே சபை சொல்றதுதான் முடிவு. சாம்பாருக்கு உப்புப் போதாதுன்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க!"

"அண்ணாச்சி, உப்புப் போட்டாச்சு," என்றான் ராக்கப்பன்.

"நீ சபை அங்கத்தினனா? பேசாம இரு."

கோபத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். அவர்களில் ஒருத்திகூட சாம்பாரை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. பெரும்பான்மைக்குத் தலைவணங்கி, காசிராஜன் தன் கையாலேயே உப்பை அள்ளிக் கொட்டினார். ராக்கப்பன் தலையில் கை வைத்தான்.

ருசி பார்த்தபின் அவருக்கே முகம் கோணியது. சரி, போகட்டும். மூன்றாவது வகை, பணிவிடைத் தலைமை. ஆண்டவரே சீஷர்களின் காலைக் கழுவவில்லையா? வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பெண்கள் பார்க்கும்படியாகக் குழாயடியில் உட்கார்ந்தார். அழுக்காகக் கிடந்த ஒரு பெரிய பாத்திரத்தைச் சாக்கடையில் கவிழ்த்து, சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தார்.

"அண்ணாச்சி, இங்க இருந்த கறி மசாலா எங்க?" ராக்கப்பன் அலறினான்.

காசிராஜன் சாக்கடையைப் பார்த்தார். சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, நாற்காலி, எல்லாம் அந்தச் சிவப்போடு சேர்ந்து ஓடுவதுபோல் இருந்தது. ஆனால் குனிந்து யோசிக்கிற வழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

நாலாவது வகை, பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கும் தலைமை!

"ராக்கப்பா, நீ கடைக்குப் போயி மசாலா வாங்கிட்டு வா. ஆசீரு, உலையில கெடக்க சோறு இனி உன் பொறுப்பு."

"ஐயா, நான் மணி அடிக்கிறவன்லா?"

"ரெண்டையும் நீயே பாரு. நான் நம்பி ஒப்படைக்கேன்!"

ஒப்படைத்துவிட்டு மின்விசிறிக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டார். தலைவர்களுக்கு இந்த நாலாவது வகை ஏன் இத்தனை பிடிக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

நேரமானதும் ஆசீர் மணி அடிக்கப் போனான். பண்டிகை மணி ஆயிற்றே, மனசாரப் பலமுறை அடித்தான். அவன் திரும்புவதற்குள் சோறு அடிப்பிடித்து, கருகல் வாடை தெருமுனை வரை போய்விட்டது.

மணிச்சத்தம் கேட்டு ஊர் திரண்டு வந்தது. பந்திப்பாயில் வரிசையாக உட்கார்ந்தது. சோறு கருகல், சாம்பார் கடல், கடைக்குப் போன ராக்கப்பன் இன்னும் திரும்பாததால் கறியில் மசாலா இல்லை. ஹெப்சிபா பேக்கரிக்கு ஆள் அனுப்பி, இலைக்கு ஒரு பன்னும் ஒரு வாழைப்பழமும் வைத்தாள். அசனத்துக்குப் பன் சாப்பிட்ட கதை இந்தப் பக்கத்தில் யாருமே கேட்டதில்லை. ஊர் பன்னைப் பார்த்தது, பிறகு காசிராஜனைப் பார்த்தது.

"நான் மட்டும் நேரத்துக்கு வரலன்னா இன்னும் மோசமாயிருக்கும்ட்டீ," என்றார் அவர், ஹெப்சிபாவின் காதில்.

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. வேர்க்க விறுவிறுக்க இறங்கினான் பயிற்சி கொடுத்த சதீஷ். காசிராஜன் பெருமையோடு எழுந்து கை நீட்டினார். அவன் அவரைத் தாண்டிக்கொண்டு ஹெப்சிபாவிடம் போய்க் கும்பிட்டான்.

"மன்னிச்சுக்கிடுங்கம்மா. பந்தி முடியுற வரைக்கும் ஐயாவை அங்கயே உக்கார வைக்கணும்னு அம்புட்டுத் தூரம் சொன்னிய. எனக்குத் தெரிஞ்சதே நாலு வகைதான், மத்தியானத்தோட தீந்துபோச்சு."